எட்டு யூ போல்ட்

எங்க தெருவில் கடலுக்குப் போனவங்க யாரும் இல்லை. விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே மூணு கிலோமீட்டர். ஏரி உண்டு, கடல் கிடையாது. அந்தத் தெருவிலிருந்து போன நான் 2007லிருந்து 2012 வரை ஐந்து வருசம் ஐக்கிய அரபு எமிரேட்ஸில், உம் அல் குவைன் பக்கத்தில், படகுகளுக்கு அடியில் கிடந்தேன். அடியில் என்றால் தண்ணீருக்குள் அல்ல. படகை ஏற்றி இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லருக்கு அடியில், மணல் தரையில் ஒரு அட்டையைப் போட்டு, மல்லாந்து.

அந்த டிரெய்லரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம கரையில் படகு மணலிலேயே கிடக்கும். ஆளுங்க தோள் கொடுத்துத் தள்ளுவாங்க, இல்லாட்டி டிராக்டரைக் கட்டி இழுப்பாங்க. அங்கே காசுள்ளவன் ஃபைபர் படகை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பான். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வியாழன் சாயங்காலமே படகை டிரெய்லரில் ஏற்றி, பெரிய காரின் பின்னால் மாட்டி, கடற்கரைக்கு வந்துவிடுவான். கரையில் சிமெண்டுச் சரிவு கட்டியிருக்கும். டிரெய்லரைப் பின்பக்கமாக அந்தச் சரிவில் இறக்கி, சக்கரம் முழுகுகிற வரைக்கும் தண்ணீருக்குள் விடுவார்கள். படகு மிதந்து கழன்றுகொள்ளும். டிரெய்லர் உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட மேலே ஏறி வெயிலில் நிற்கும். சாயங்காலம் மறுபடி ஒரு முழுக்கு. அப்புறம் ஒரு வாரம், ஒரு மாசம், சில சமயம் ஆறு மாசம் அப்படியே கிடக்கும். படகைத் துடைக்க ஆள் உண்டு. டிரெய்லரின் அடிவயிற்றுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்த எவனும் கிடையாது.

பொதுவாகக் கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். வளைகுடாவில் 40க்கும் மேலே. வெயில் தண்ணியைக் குடித்துவிடுகிறது, உப்பை விட்டுவிடுகிறது. இது அப்புறம் படித்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கை எரிச்சல்தான்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். வயசானவர், வெல்டர். எல்லாரும் உஸ்தாத் என்போம். நாங்கள் பட்டை என்று சொல்வதை அவர் கமானி என்பார். எனக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம், அவருக்குப் பொறுமை ரொம்ப. ஒர்க் ஷாப் ஒரு தகரக் கொட்டகை. அந்த நாட்டில் 2005லிருந்தே கோடையில் மத்தியானம் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் அது வெட்டவெளிக்கு. தகரத்துக்குக் கீழே படுத்திருக்கிறவன் நிழலில் இருக்கிறான் என்று கணக்கு. தகரத்துக்குக் கீழே இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். சட்டம் எழுதினவர் எவரும் அந்த நிழலில் படுத்துப் பார்த்ததில்லை.

ஸ்பிரிங் பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள். மேலே இருப்பது மெயின் பட்டை, அதன் ரெண்டு முனையும் வளையமாகச் சுருட்டியிருக்கும். வளையத்துக்குள் புஷ். ஒரு முனையை நேராகச் சட்டத்தில் மாட்டுவார்கள், மறுமுனையைச் சேக்கிளில். பட்டை பாரத்தில் அமுங்கும்போது நீளும் அல்லவா, அதற்கு இடம் விடுவது சேக்கிள். நடுவில் எல்லாத் தகட்டையும் துளைத்துக்கொண்டு ஒரு சென்டர் போல்ட். ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டிப்பிடிப்பது யூ போல்ட், ஒரு பட்டைக்கு ரெண்டு. ஒற்றை ஆக்சில் வண்டி என்றால் நாலு, இரட்டை ஆக்சில் என்றால் எட்டு. படகு, இஞ்சின், பெட்ரோல், ஏறி நிற்கிற ஆள் எல்லாம் கடைசியில் அந்த விரல் தடிமன் கம்பிகளின் கையில்.

துரு முதலில் பிடிக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே போன தண்ணீர் வெளியே வராது. மேலே காய்ந்துவிடும், உள்ளே உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். துரு இரும்பைவிட ரெண்டு மூணு மடங்கு அதிக இடம் கேட்கும். அதனால் தகடுகளைப் பிளந்துகொண்டு வீங்கும். வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கிற வண்டியில் பட்டை நடுவே கத்தி முனை போகிற சந்து தெரிந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். யூ போல்டும் அப்படித்தான். வளைவு நன்றாயிருக்கும், தட்டுக்குள் நுழைகிற இடத்தில், நட்டுக்கு மேலே மரை ஆரம்பிக்கிற இடத்தில், இடுப்பு சிறுத்திருக்கும். நட்டு மூடியிருப்பதால் தெரியாது. பேரிங் கதை வேறு. ரோட்டில் ஓடி வந்த ஹப் சூடாயிருக்கும். அப்படியே தண்ணியில் இறக்கினால் உள்ளேயிருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால் காப்பி மாதிரி ஆகிவிடும். இறக்கும் முன்னே அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் போதும். யார் ஆறவிடுகிறார்கள்.

உஸ்தாத் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தகட்டையும் தட்டிக் கேட்பார். நல்ல பட்டை ணங் என்று சொல்லும், கொஞ்ச நேரம் நிற்கும். துரு உள்ளே போனதும், விரிசல் விட்டதும் தொப்பென்று அடங்கிவிடும். ரெண்டே வாரத்தில் அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. உஸ்தாதுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. எங்க அப்பா வைக்கோல் நெருப்பில் பறையைக் காய்ச்சி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று எங்க தெரு வாலிபர்கள் முடிவெடுத்த பிறகு அவர் அதைத் தொடவில்லை. பறை பரணில் கிடந்தது. காது மட்டும் எங்கிட்ட வந்துடுச்சு.

ஒர்க் ஷாப்பில் எந்த வேலையை யார் செய்வது என்பதை மேஸ்திரி முடிவு பண்ணுவார். அவரும் எங்க மாவட்டம்தான். எங்க ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு ஊர்த்தெரு. பேர் எழுதப் போவதில்லை, சாதியையும் எழுதவில்லை, இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நாங்கள் எட்டுப் பேர் தமிழர்கள் ஒரே அறை. எல்லாரும் அவரை அண்ணே என்போம். போன புதுசில் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். கார் இஞ்சின் வேலை, ஒயரிங், வெளிச்சத்தில் நின்று செய்கிற வேலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்தார். அறையில் ஒரே அடுப்பு, முறை வைத்துச் சமையல். என் முறைக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் அவர் தட்டு முதலில் வரும்.

எந்த ஊர் என்று கேட்டபோது விழுப்புரம் என்றேன். விழுப்புரத்தில் எங்கே என்றார். ரோட்டுப் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வருவதற்குள் எழுந்து தண்ணி குடிக்கப் போய்விட்டேன். இப்படி ஒரு வருசம் தண்ணி குடித்தே தப்பித்தேன். வெளிநாடு போய் வந்த நம்ம ஆட்கள் யாரைக் கேட்டாலும் இந்தத் தாகத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

பாஸ்போர்ட்டை எல்லாம் கம்பெனியே வாங்கி வைத்திருந்தது. விசா புதுப்பிக்கிற நேரத்தில் மேஸ்திரிதான் கட்டாக எடுத்துக்கொண்டு போவார். அப்போதைய பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அப்பன் பேர், ஆத்தா பேர், வீட்டு அட்ரஸ் எல்லாம் அச்சடித்திருக்கும். என்னுடையதில் கதவு எண்ணுக்கு அடுத்து காலனி என்று இருந்தது. நம்ம நாட்டு முத்திரை போட்ட புத்தகம், அராபிக்காரன் ஆபீசில், நான் யார் என்று அவருக்குச் சொல்லிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் தட்டை மட்டும் ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு வாரம் கழித்து அறையில் மூத்தவர் ஒருத்தர் வந்து, "தப்பா நெனைக்காத தம்பி, நீ தனியா சமைச்சிக்கினா ஒனக்கும் சௌகரியம்" என்றார். அவர் தஞ்சாவூர்க்காரர், கெட்டவர் இல்லை. ஒர்க் ஷாப்பில் இஞ்சின் வேலை நின்றது. "டேய், நீ கீழப் போ" என்பதுதான் அதற்கப்புறம் எனக்கு வந்த பேச்சு. படகு டிரெய்லர் எல்லாம் என் தலையில். நாறிப்போன சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு, துரு கண்ணில் உதிரும் வேலை. செத்த மாட்டை எங்க தாத்தா தலையில் கட்டினதுக்கும் இதுக்கும் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. ஒரு வித்தியாசம், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மேஸ்திரிக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் அம்பேத்கர் நூல் தொகுப்பின் முதல் தொகுதி கையில் கிடைத்தது. 1916ஆம் வருசம், அவருக்கு இருபத்தைந்து வயசு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றி ஒரு கட்டுரை படிக்கிறார். இந்துக்கள் உலகத்தில் வேறு இடங்களுக்குக் குடியேறினால் சாதி உலகப் பிரச்சினை ஆகிவிடும் என்று கேட்கர் எழுதியதை அதில் எடுத்துக்காட்டுகிறார். நான் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தபோது தோழர்கள் இனிப்புக் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அது கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்கள் இருக்கிற ஊர். பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள். தகரக் கொட்டகைக்கு எந்த நகரசபை.

சரி, பட்டைக்கு வருகிறேன். மாற்றுகிற முறையைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், கைத்தொழில் செய்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். படகு மேலே இருக்கக் கூடாது. இருந்தே தீர வேண்டும் என்றால் சட்டத்துக்கு அடியில் நாலு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான். நட்டு இறுகியிருக்கும். முதல் நாள் சாயங்காலமே எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். வராவிட்டால் கிரைண்டரால் அறுப்பதுதான் மரியாதை. கேஸ் நெருப்பை வைத்தால், துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பிலிருந்து வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்ஜுரம் கண்டு பல் அடித்துக்கொள்ளும். எனக்கு ரெண்டு முறை வந்தது. போர்வை கொண்டுவந்து போட்டவர் உஸ்தாத்.

பழைய பட்டையைக் கழற்றினதும் அளவு எடுக்கணும். வளையம் நடுவிலிருந்து வளையம் நடு வரைக்கும் நீளம், அகலம், தகடு எத்தனை, எவ்வளவு வளைவு, ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காருகிறதா கீழே தொங்குகிறதா. ஒரு பக்கம் முறிந்தாலும் ரெண்டு பக்கமும் மாற்றணும். புதுப் பட்டையும் சோர்ந்த பட்டையும் ஒரே ஆக்சிலைச் சுமந்தால் வண்டி சாய்ந்தே ஓடும். முறிந்த தகட்டை வெல்டிங் வைத்துக் கொடு என்று கேட்பவர்கள் உண்டு. அது பதம் போட்ட எஃகு, சூடு பட்டால் பதம் போய்விடும், வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். வெல்டரான உஸ்தாதே அதைச் செய்ய மாட்டார். முக்கியமாக, கழற்றின யூ போல்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இழுத்து முறுக்கின கம்பி அது, மரையெல்லாம் நீண்டிருக்கும். துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புதுசைப் போட்டு, நாலு நட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். டிரெய்லரின் மூக்கிலிருந்து ஆக்சிலின் ரெண்டு முனைக்கும் டேப் பிடித்தால் ரெண்டு அளவும் ஒன்றாக வரணும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் வண்டியைக் கூப்பிட்டு மறுபடி முறுக்கணும், பட்டை உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கும். எந்த மேஸ்திரியும் வண்டியைத் திரும்பக் கூப்பிட மாட்டான், அதுக்குக் காசு கிடையாது.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். நாற்பது பக்க நோட்டு, தேதி போட்டு, வண்டி நம்பர் போட்டு, என்ன பார்த்தேன், என்ன மாற்றணும், என்ன மாற்றினோம் என்று. தமிழில். எனக்கு வேறு எதில் எழுத வரும்.

2010 மார்ச்சில் ஒரு இரட்டை ஆக்சில் டிரெய்லர் வந்தது. பெரிய படகு. வியாழக்கிழமை மத்தியானம் வந்து சாயங்காலம் வேண்டும் என்றார்கள். பட்டை நாலில் ரெண்டு வீங்கியிருந்தது. அந்த ரெண்டையும் அதன் ஜோடியையும் மாற்ற எங்களிடம் சரக்கு இருந்தது. எட்டு யூ போல்டுக்குச் சரக்கு இல்லை. ஷார்ஜாவிலிருந்து வரணும், சனிக்கிழமைதான் கிடைக்கும். பழசைக் கழற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். நாலு பரவாயில்லை மாதிரி இருந்தது. மற்ற நாலின் இடுப்பில் என் நகம் இறங்கிற்று.

"அண்ணே, இது தாங்காது. எட்டும் புதுசு போடணும்" என்றேன்.

"பெயிண்ட் அடிச்சி மாட்டு."

"மரை போயிடுச்சிண்ணே. நீங்களே பாருங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்குறியா? மாட்றான்னா மாட்டு."

மாட்டினேன். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் பேனா நின்றுதான் போகிறது. மாட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், கடன் 70,000 ரூபாயில் அப்போது பாதிதான் அடைந்திருந்தது. ராத்திரி நோட்டில் எழுதினேன்: யூ போல்ட் 8 மாற்றணும், 4 ரொம்ப மோசம், அண்ணன் பழசையே போடச் சொன்னார். தேதி போட்டேன்.

மறுநாள் படகை இறக்கித் தரச் சொல்லி எங்களில் மூணு பேரை அனுப்பினார்கள். நான், டிரைவர், ஒரு வங்காளதேசத்துப் பையன். சில்ஹெட் பக்கம். பத்தொன்பது வயசு என்று காகிதத்தில், முகத்தில் அதுவும் இல்லை. அடுப்பு பிரித்த பிறகு அவனும் உஸ்தாதும் நானும்தான் ஒரே பானையில் சாப்பிட்டோம். படகு நல்லபடி இறங்கிற்று. சாயங்காலம் ஏற்றும்போதுதான். படகு ஏறி, கார் சரிவில் மேலே இழுக்க, பின் ஆக்சிலின் இடது பக்கம் ரெண்டு யூ போல்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அறுந்தது. துப்பாக்கிச் சத்தம் மாதிரி. ஆக்சில் பின்னால் நழுவி, டிரெய்லர் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. படகு வழுக்காமலிருக்கப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வந்த பையனின் இடது பாதம் சக்கரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே. நான் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மூணு விரலை எடுத்தார்கள். மூணாம் மாசம் அவனை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அர்பாப், அதாவது முதலாளி, சனிக்கிழமை ஒர்க் ஷாப்புக்கு வந்தார். மேஸ்திரி முந்திக்கொண்டார். யூ போல்ட் மாற்றச் சொல்லித்தான் கொடுத்தேன், இவன் சோம்பேறித்தனமாகப் பழசையே மாட்டிவிட்டான் என்று அராபியில் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. நான் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை விரித்து அர்பாபிடம் நீட்டினேன். தேதி, வண்டி நம்பர், எட்டு என்ற எண், எல்லாம் இருக்கிறது. அவர் பார்த்தார். எழுத்து புரியவில்லை. இதைப் படி என்று சொல்லி மேஸ்திரியிடம் கொடுத்தார்.

மேஸ்திரி படித்தார். நான் எழுதினதைப் பார்த்துக்கொண்டே, நான் எழுதாததைப் படித்தார். எட்டு யூ போல்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறானாம். அறையில் என்னோடு இருந்த மூணு தமிழர்கள் அங்கேதான் நின்றார்கள். எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். தஞ்சாவூர்க்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு மூணு மாசச் சம்பளம் வெட்டு. அன்றைக்கு ராத்திரி அறையில் சத்தமாகவே ஒரு பேச்சு நடந்தது, அவனுங்க கைவெச்ச வேலை எது உருப்பட்டுது என்று. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணி குடிக்க எழுந்திருக்கவில்லை.

உஸ்தாத் அந்தச் சமயம் எமிரேட் அடையாள அட்டை வேலையாக வெளியே போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டதும் முதலில் கேட்ட கேள்வி, "துண்டு எங்கே?" சரிவில் கிடந்ததை நான் பொறுக்கிப் பையில் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. அவர் அதை டீசலில் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே அர்பாப் ஆபீசுக்குள் போய் மேசையில் வைத்தார்.

முறிந்த இரும்பின் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரே அடியில் முறிந்தது முழுக்கவும் புது நிறமாக, சாம்பலாக, மினுமினுவென்று இருக்கும். பழைய விரிசலுக்குள் தண்ணி போயிருந்தால் அந்தப் பகுதி மட்டும் கறுத்தோ பழுப்பாகவோ இருக்கும். அந்த யூ போல்டின் முகத்தில் முக்கால்வாசி கறுப்பு. ஓரத்தில் ஒரு பிறை அளவு இடம்தான் பளபளத்தது. அந்தப் பிறைதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் படகைப் பிடித்திருந்தது. உஸ்தாத் இன்னொன்றும் காட்டினார். கம்பியின் மேல் புது பெயிண்ட், பெயிண்டுக்குக் கீழே பழைய துரு. மாட்டும் முன்னே யாரோ தேய்த்திருக்கிறார்கள், யாரோ பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெயிண்ட் டப்பாவின் சாவி மேஸ்திரி இடுப்பில்தான் தொங்கும், அது அர்பாபுக்கும் தெரியும். அப்புறம், புது யூ போல்ட் சரக்கில் இருந்ததா என்று கணக்குப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். இல்லை. இல்லாததை மாற்றச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது.

இதனால் மேஸ்திரி வேலையை விட்டுப் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. மூணு மாச வெட்டு ஒரு மாசம் ஆயிற்று. அந்த ஒரு மாசம் எதற்கு என்று கேட்டேன். மாட்டினது உன் கைதானே என்றார் அர்பாப். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்குப் பிறகு யூ போல்ட் எப்போதும் ஒரு பெட்டி சரக்கில் இருந்தது. அறையில் அடுப்பு ரெண்டாகவே இருந்தது. தஞ்சாவூர்க்காரர் மட்டும் ஒரு நாள் என் பானையில் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிப் போனார். அது மன்னிப்பா, அன்றைக்கு அவங்க குழம்பு தீய்ந்துபோனதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது புதுச்சேரி ரோட்டில் சின்னதாகப் பட்டைக் கடை வைத்திருக்கிறேன். டிராக்டர் டிப்பர், மினி லாரிதான் வரும். எப்போதாவது புதுச்சேரிப் பக்கமிருந்து, சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றுகிறவர்களின் டிரெய்லர் ஒன்று வரும். தண்ணி ஊற்றிக் கழுவாமல் கடைக்குள் விடுவதில்லை. என்னிடம் ரெண்டு பையன்கள் இருக்கிறார்கள், ஒருத்தன் எங்க தெரு, ஒருத்தன் ஊர்த்தெரு. ரெண்டு பேரும் கீழே படுக்கணும், ஒரு நாள் அவன், ஒரு நாள் இவன். ஊர்த்தெருப் பையனின் அப்பா ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். பையனை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன், மறுநாள் வந்துவிட்டான். நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், தமிழில்தான், ஆனால் பக்கத்தில் படமும் போடணும். எந்த இடத்தில் இடுப்பு சிறுத்திருக்கிறது என்று வரைந்து, அம்புக்குறி போட்டு.

அந்தத் துண்டு ரெண்டையும் வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். அம்மா அதை ஜன்னல் திட்டில் வைத்தாள். எண்ணெய் தடவி வைத்திருக்கணும், பட்டை வேலைக்காரன் நானே தடவவில்லை. போன மாசம் இதை எழுத உட்கார்ந்தபோது எடுத்துப் பார்த்தேன். பிறையும் பழுத்துவிட்டது. எது பழைய விரிசல், எது வெள்ளிக்கிழமை முறிந்தது என்று இப்போது தெரியவில்லை, முகம் முழுக்க ஒரே நிறம்.